தேங்காயைக் குறைத்து மொச்சையைக் கூட்டுங்கள்: செட்டிநாட்டு அடுப்படியில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் வழி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால், வீட்டில் உடனே நிற்பது முட்டையும் ஆட்டுக்கறியும்தான். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி, மத்தியானக் குழம்பில் அரைத்து ஊற்றும் தேங்காய், கெட்டிப் பாலில் நாலு வேளைக் காபி, சாயங்காலம் எண்ணெயில் பொரித்த பலகாரம் எல்லாம் அப்படியே நடக்கும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எண் அசைந்திருக்காது. "கறியைத் தொடவே இல்லையே, பிறகு எப்படி?" என்று குழம்புவார்கள்.

உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கைக் கல்லீரலே தயாரிக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வதும் அதே கல்லீரல்தான். தேங்காய், நெய், பால், கறிக்கொழுப்பில் நிறைய இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு சாப்பாட்டில் மிகுந்தால் அப்படி இழுக்கும் ஏற்பிகள் குறைந்துபோகும். எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கிவிடும். அதனால் சாப்பாட்டில் இருக்கும் கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புதான் ரிப்போர்ட்டில் வரும் அளவை அதிகம் ஏற்றுகிறது. தேங்காயில் கொலஸ்ட்ரால் துளியும் கிடையாது. ஆனால் அதன் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது. எண்ணெய் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருக்காது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பின் அளவை.

முதலில் ரிப்போர்ட்டைப் படியுங்கள்

மொத்த கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒருவருக்கு மொத்தம் 236, நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் 42, ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 190 என்று வைத்துக்கொள்வோம். ட்ரைகிளிசரைடை 5-ஆல் வகுத்தால் 38. மொத்தத்தில் இருந்து எச்டிஎல்லையும் இந்த 38-ஐயும் கழித்தால் 156. அதுதான் எல்டிஎல். பல பரிசோதனைக் கூடங்கள் இந்தக் கணக்கில்தான் எல்டிஎல்லைத் தருகின்றன. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். மொத்தத்தில் எச்டிஎல்லை மட்டும் கழித்தால் 194. ரத்தக்குழாயில் படியக்கூடிய எல்லா வகையும் சேர்ந்த எண் இது. 130-க்குள் இருப்பது நல்லது.

வேறு நோய் இல்லாதவருக்கு எல்டிஎல் 100-க்குள் இருந்தால் சிறப்பு. 130-க்கு மேல் எல்லைக்கோடு, 160-க்கு மேல் அதிகம். ட்ரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும். எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் குறையக் கூடாது. எது ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எதைக் குறைப்பது என்பதும். எல்டிஎல் ஏறியிருந்தால் தேங்காய், நெய், பால், கறிக்கொழுப்பில் கை வையுங்கள். ட்ரைகிளிசரைடு ஏறியிருந்தால் சோறு, இனிப்பு, மது. இரண்டும் ஏறியிருந்தால் இரண்டும்.

ஒரு நாளைக்கு 14 கிராம்

நாளுக்கு 1,800 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு, எல்டிஎல் குறைய வேண்டுமானால், நிறைவுற்ற கொழுப்பு 12 முதல் 14 கிராமுக்குள் அடங்க வேண்டும். இதை வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

100 கிராம் தேங்காய்த் துருவலில் சுமார் 30 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. ஒரு தேக்கரண்டி நெய்யில் 3 கிராம். ஆரஞ்சு பாக்கெட் பாலில் (6 சதவீதக் கொழுப்பு) ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி, குடித்தால் 7 கிராமுக்கு மேல். நீல பாக்கெட் பாலில் (3 சதவீதம்) அதில் பாதி. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 12 கிராம் வரை, பாமாயிலில் 7 கிராம், கடலை எண்ணெயில் இரண்டரை, நல்லெண்ணெயில் 2.

கறி இல்லாத ஒரு சாதாரண நாளை இதில் போட்டுப் பார்ப்போம். காலைச் சட்னியில் ஒருவர் பங்குக்கு 30 கிராம் துருவல்: 9 கிராம். மத்தியானக் குழம்பிலும் பொரியலிலும் சேர்த்து 25 கிராம் துருவல்: ஏழரை. பருப்புக்கு ஒரு தேக்கரண்டி நெய்: 3. நாள் முழுக்கக் காபிக்குப் போகும் கெட்டிப் பால் 300 மில்லி: 11. மொத்தம் 30 கிராமைத் தாண்டிவிட்டது. தாளிப்பு எண்ணெயும் பலகாரமும் இன்னும் கணக்கில் வரவில்லை. முட்டையை நிறுத்தியும் எண் இறங்காததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

பாலை மாற்றுவது எல்லாவற்றையும்விட எளிது. 3 சதவீதப் பாலுக்கு மாறினாலே நாளுக்கு ஐந்தாறு கிராம் குறையும். டிகாஷன் கெட்டியாக இருந்தால் காபியின் ருசியும் குறையாது. நாலு காபியை இரண்டாக்கினால் இன்னும் நல்லது.

தேங்காயை ஒரேயடியாக விட வேண்டியதில்லை. ஒருவருக்கு நாளுக்கு ஒரு மேசைக்கரண்டித் துருவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் வீட்டில் ஒரு மூடி மூன்று, நாலு நாளைக்கு வர வேண்டும். துருவிய உடனே பங்கு பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுவது நல்லது. முழு மூடியும் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் முழு மூடியும் அம்மிக்குப் போய்விடும்.

குழம்பும் குருமாவும் கெட்டியாக வேண்டுமே என்றால், நாலு பேருக்கான குழம்புக்கு ஒரு தேக்கரண்டி கசகசா, ஒன்றரை மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, அரைத் தேக்கரண்டி சோம்பு, ஒரு மேசைக்கரண்டி தேங்காய் சேர்த்து அரையுங்கள். கசகசாவை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைக்காமல் அரைத்தால் மணல் மாதிரி பல்லில் படும். பொட்டுக்கடலை விழுதை நேராகக் கொதியில் போட்டால் கட்டி தட்டி அடிப்பிடிக்கும். அரைத் தம்ளர் தண்ணீரில் கரைத்து, தீயைக் குறைத்து, கடைசியில் ஊற்றி மூன்று நிமிடம் கிளறி இறக்குங்கள். ஆறினால் இன்னும் இறுகும். ஆகவே வழக்கத்தைவிடச் சற்று நீர்க்க இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும்.

இட்லிக்கு, இடியாப்பத்துக்குத் தேங்காய்ச் சட்னிக்குப் பதில் கத்தரிக்காய்க் கோசமல்லி இருக்கிறதே! கத்தரிக்காயை வேகவைத்து மசித்து, புளியும் சின்ன வெங்காயமும் சேர்த்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் தாளித்தால் போதும். கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கிச் செய்ய ஆரம்பித்தால் கணக்கு கெட்டது. அது உறிஞ்சிக்கொண்டே போகும், கரண்டியும் ஊற்றிக்கொண்டே போகும்.

எண்ணெயைப் பொறுத்தவரை செக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். செக்கில் ஆட்டியது என்பதற்காகத் தாராளமாக ஊற்ற வேண்டாம், கொழுப்பு அதே கொழுப்புதான். நாலு பேருக்கு மாதம் 2 முதல் இரண்டரை லிட்டர், அதற்குள் முடியுங்கள். மாத முதல் தேதி அதைத் தனிப் பாத்திரத்தில் அளந்து ஊற்றிவிட்டு, தாளிக்கும்போது தேக்கரண்டியால் எடுங்கள். எண்ணெய் மேலே மிதந்து நிற்பதுதான் செட்டிநாட்டுக் குழம்பின் அடையாளம் என்று ஓட்டல்கள் ஆக்கிவிட்டன. ருசி வருவது மிளகு, சோம்பு, கல்பாசி, மராத்தி மொக்கு, புதிதாய் வறுத்து அரைத்த மசாலாவில் இருந்து. அவற்றில் குறை வைக்காமல் எண்ணெயில் பாதியைக் குறைத்துப் பாருங்கள்.

மண்டி: இந்த ஊரிலேயே இருக்கும் சாப்பாடு

குறைப்பது ஒரு பக்கம். கூட்ட வேண்டியது கரையும் நார்ச்சத்து. குடலில் இது கூழ்போல் ஆகி, பித்தநீரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். பித்தநீரைத் திரும்பச் செய்யக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதை ரத்தத்தில் இருந்து எடுத்துக்கொள்ளும். எல்டிஎல் இறங்கும். நாளுக்கு 5 முதல் 10 கிராம் கரையும் நார் கிடைத்தால் பலருக்கு எல்டிஎல் 5 சதவீதம் அளவுக்குக் குறையும். தினமும் 130 கிராம் வெந்த பயறு சாப்பிட்டாலும் ஏறக்குறைய அதே அளவு குறையும். 130 கிராம் என்பது உலர்ந்த பயறாக 50 கிராம், ஒரு கைப்பிடி.

இதற்கு ஓட்ஸ்தான் வேண்டும் என்றில்லை. விருப்பமுள்ளவர்கள் 75 கிராம் ஓட்ஸைக் கஞ்சியாகக் குடிக்கலாம், அதில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் 3 கிராம் கிடைக்கும், அது நல்லதுதான். ஆனால் ஓட்ஸ் மேல் நம்பிக்கை வைத்து இரண்டு வாரம் சாப்பிட்டுவிட்டு அலுத்துப் போகிறவர்களே அதிகம். அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைக்கும் வெண்டைக்காய் மண்டி அலுக்காது.

நாலு பேருக்கு: காய்ந்த மொச்சை 150 கிராம், வெண்டைக்காய் கால் கிலோ, சின்ன வெங்காயம் 15, பூண்டு 12 பல், பச்சை மிளகாய் 6, சின்ன எலுமிச்சை அளவு புளி, கழனி (அரிசி கழுவிய தண்ணீர்) 3 தம்ளர், நல்லெண்ணெய் 4 தேக்கரண்டி. தாளிக்கக் கடுகு, உளுந்து, அரைத் தேக்கரண்டி வெந்தயம், பெருங்காயம்.

மொச்சையை முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். 8 மணி நேரத்துக்குக் குறைந்தால் உள்ளே வேகாது, வயிறும் உப்பும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் 3, 4 விசில் விட்டு எடுக்க வேண்டும். கழனிக்கு, அரிசியை முதல் முறை கழுவிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், தூசியும் அழுக்கும் அதில்தான். இரண்டாவது முறை சிறிது தண்ணீர் விட்டு அரிசியைக் கையால் நன்கு பிசைந்து அலசினால் பால் போல் வெண்மையாக வரும். அது தெளிவாக இருந்தால் மண்டி கெட்டிப்படாது. புளியை அந்தக் கழனியிலேயே ஊறவைத்துக் கரைத்துக்கொள்ளுங்கள்.

வெண்டைக்காயைக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்க வேண்டும். இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கினால் கரையாமல் நிற்கும். சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் தாளித்து, வெங்காயம், பூண்டு, கீறிய மிளகாய் வதங்கியபின் வெண்டைக்காயைப் போட்டு ஐந்து நிமிடம் திறந்தே வதக்குங்கள். மூடி வைத்தால் வழவழப்பு ஏறும். அந்த வழவழப்பே கரையும் நார்தான் என்பதால் சுட்டுப் பொசுக்க வேண்டாம். புளி சேர்ந்ததும் தானே அடங்கும். பிறகு கழனிக் கரைசல், உப்பு. பத்து நிமிடம் கொதித்து வாசனை மாறியதும் மொச்சையைப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம். கரண்டியில் எடுத்தால் ஒட்டி மெதுவாக வழிய வேண்டும். தேங்காய் இல்லை, ஒருவர் பங்குக்கு எண்ணெய் ஒரு தேக்கரண்டிதான், நிறைவுற்ற கொழுப்பு ஒரு கிராமை ஒட்டி வரும்.

மொச்சைக்குப் பதில் தட்டைப்பயறு, கொண்டைக்கடலை. வெண்டைக்காய்க்குப் பதில் கத்தரிக்காய், அவரை, மாங்காய். வாரத்தில் மூன்று நாள் மண்டியோ பயறு போட்ட புளிக்குழம்போ, மற்ற நாள் பருப்பு அடங்கிய கூட்டு. பயறு பழக்கமில்லாதவர்கள் முதல் வாரம் பாதி அளவில் தொடங்குங்கள். ஒரே நாளில் கூட்டினால் வாயுத் தொல்லை வந்து, "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிட நேரும்.

வெந்தயத்தை ஊறவைத்து விழுங்குவது நல்ல பழக்கம். ஒரு தேக்கரண்டியில் கிடைக்கும் கரையும் நார் ஒரு கிராமை ஒட்டித்தான். அது மட்டும் கொலஸ்ட்ரால் அளவை இறக்கிவிடாது; பூண்டுப் பல்லை விழுங்குவதும் அப்படியே. நார் போதவில்லை என்றால் இசப்கோல் உமி நாளுக்கு 10 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையும் ஒரு பெரிய தம்ளர் தண்ணீருடன். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைக்கும். தைராய்டு மாத்திரை போன்றவற்றை விழுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

மாலையில் வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம். அவித்ததோ வறுத்ததோ சரி. எண்ணெயில் பொரித்ததும் உப்பு தூவியதும் வேண்டாம். கொய்யா கிடைக்கும் காலத்தில் தினம் ஒன்று.

கறி, மீன், முட்டை

ஆட்டுக்கறி வாரம் ஒரு நாள், ஆளுக்குப் பச்சைக் கறியாக 100 கிராம். கடையில் தொடைக்கறி கேளுங்கள், நெஞ்சுப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள், எடைக்குச் சேர்த்துப் போடும் வெள்ளைக் கொழுப்பைத் தட்டில் ஏறும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குழம்பை முதல் நாளே வைத்து ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால், மறுநாள் கொழுப்பு வெள்ளைத் தகடாக மேலே உறைந்து நிற்கும். கரண்டியால் அப்படியே எடுத்துவிடலாம். மசாலா ஊறிய கறி மறுநாள் இன்னும் ருசியாகத்தான் இருக்கும். சுக்கா வறுவலில் இப்படி எடுக்க வழியில்லை. அதனால் கறியைக் குழம்பாகவே வையுங்கள். மூளையை விட்டுவிடுங்கள், 100 கிராமிலேயே ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால்.

கோழியைத் தோல் உரித்து வாங்குங்கள். இறாலையும் நண்டையும் கண்டு பயப்படுவதில் பொருளில்லை: கொலஸ்ட்ரால் இருந்தாலும் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. கெடுப்பது நண்டு மசாலாவில் அரைக்கும் தேங்காயும் இறால் வறுவலில் ஊற்றும் எண்ணெயும். தொண்டி, ஜெகதாப்பட்டினம் பக்கத்து மீன் சந்தைக்கு வரும்போது மத்தி, அயிலை, நெத்திலி வாங்கி வாரம் இரண்டு நாள் புளிக்குழம்பாக வையுங்கள். இவற்றில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்பு ட்ரைகிளிசரைடைக் குறைக்கும். முழு முட்டை வாரத்துக்கு மூன்று, நாலு, வெள்ளைக்கருவுக்குக் கணக்கில்லை.

பலகாரமும் சோறும்

வெள்ளைப் பணியாரம், சீயம், கந்தரப்பம், அதிரசம் என எதையும் தடை செய்து பயனில்லை. நாள் குறியுங்கள்: நல்ல நாள், விசேஷம், அவ்வளவுதான். வார நாளில் ஆசைப்பட்டால் குழிப்பணியாரம், குழிக்குக் கால் தேக்கரண்டி எண்ணெய். பொரிக்கும் நாளில் எண்ணெய் நன்கு காய்ந்திருக்க வேண்டும். மாவில் ஒரு துளியை எடுத்து எண்ணெயில் போட்டால் உடனே மேலே எழும்ப வேண்டும். சூடு குறைந்தால் பணியாரம் எண்ணெய் குடிக்கும், கையில் பிடித்தால் வழியும். புகையும் அளவுக்கும் விடக் கூடாது. பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி இரண்டொரு நாளில் தாளிப்புக்கு முடித்துவிடுங்கள், மறுபடி பொரிக்க வைக்காதீர்கள். வனஸ்பதி போட்ட பேக்கரிப் பண்டங்களை, முக்கியமாகப் பப்ஸையும் கிரீம் பன்னையும், இதைவிட ஒரு படி மேலான எதிரியாகவே கருதலாம்.

கவுனி அரிசி தவிடு நீக்காதது, நார் உள்ளது, உண்மைதான். ஆனால் சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் கொட்டிக் கிளறிய கவுனி அரிசி இனிப்பு, மருந்து ஆகாது. கும்மாயத்தில் உளுந்தின் நன்மை இருக்கிறது, நெய் அதை முந்திவிடுகிறது. இரண்டும் ஒரு குழிக்கரண்டியோடு நிற்கட்டும். ட்ரைகிளிசரைடு ஏறியவர்கள் சோற்றைத் தட்டில் கால் பங்காக்கி, பாதித் தட்டைக் காயால் நிரப்ப வேண்டும். இரவில் இன்னும் குறையுங்கள். மது குடிப்பவர்களுக்கு இந்த எண் அதை நிறுத்தாமல் இறங்குவது கடினம்.

படைப்பு, கல்யாணம் என்று பந்தியில் உட்காரும் நாளில் பசியோடு போகாதீர்கள். கூட்டு, மண்டி, பச்சடியை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள், ஒரு தரத்தோடு நிறுத்துங்கள். வேண்டாம் என்றால் பரிமாறுகிறவர்கள் மனம் சங்கடப்படும். "போதும் ஆச்சி, அந்த மண்டியில இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க" என்று கேட்டால் அவர்களுக்கும் நிறைவு, இலையிலும் நெய் விழாது.

மருந்தும் மறுபரிசோதனையும்

இந்த முறையை ஒழுங்காகப் பிடித்தவர்களுக்கு எல்டிஎல் 10 முதல் 20 சதவீதம் குறைவதை எதிர்பார்க்கலாம். 156 இருந்தால் 125, 140 என்று வரும். எல்டிஎல் 190-க்கு மேல் இருப்பவர்களும், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களும், சர்க்கரை நோய் உள்ளவர்களும் சாப்பாட்டை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. உடன்பிறந்தவர்கள், பெற்றோரில் ஆண்களுக்கு 55 வயதுக்குள், பெண்களுக்கு 65-க்குள் இதய நோய் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ட்ரைகிளிசரைடு 500-க்கு மேல் என்றால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு, தாமதிக்க வேண்டாம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரையை ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் எண் இறங்கியதும் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. இறங்கியதில் மாத்திரையின் பங்கும் இருக்கிறது.

12 வாரம் கழித்து அதே பரிசோதனைக் கூடத்தில், 12 மணி நேரம் வெறும் வயிற்றில் பாருங்கள். தண்ணீர் குடிக்கலாம். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் விருந்தும் மதுவும் கூடாது, ட்ரைகிளிசரைடு பொய்யாக ஏறிக் காட்டும். எல்டிஎல் 5 சதவீதம்கூட இறங்கவில்லை என்றால் ஒரு வாரம் நாளுக்கு எத்தனை கிராம் தேங்காய், எவ்வளவு பால், வெளியில் எத்தனை வேளை என்று எழுதுங்கள்; பெரும்பாலும் வெளிச் சாப்பாட்டின் பாமாயிலும் குருமாவும் அதில் தெரியவரும். எழுதியதில் குறை இல்லை, எண் மட்டும் அப்படியே என்றால் தைராய்டுக்கான டிஎஸ்எச் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கு அது சரியாகும்வரை எந்தப் பத்தியத்துக்கும் எல்டிஎல் எளிதில் இறங்காது.